திரைவாசிப்பானோடு பாட்டும் பாட்காஸ்டும் பதிவு செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குப் பார்வை கிடையாது. கணினியில் எல்லா வேலையையும் திரைவாசிப்பான் வழியாகத்தான் செய்கிறேன். திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும், நம்மில் பலர் ஸ்க்ரீன் ரீடர் என்றே சொல்லிப் பழகிய அதே மென்பொருள்தான். சில வருடங்களாக வீட்டிலிருந்தபடியே பாட்டும் பேச்சும் பதிவு செய்துவருகிறேன். இது தெரிந்து போன் செய்பவர்கள் கேட்கும் கேள்விகளைப் பதிலோடு இங்கே எழுதியிருக்கிறேன். நான் பயன்படுத்துவது விண்டோஸும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானும். அதனால் பதில்களில் அவையே அதிகம் வரும்.

திரையைப் பார்க்காமல் முழுப் பதிவையும் தனியாகச் செய்ய முடியுமா?

முடியும். பதிவு, வெட்டு, ஒட்டு, கலவை, கடைசிக் கோப்பு வரை எல்லாமே முடியும். பார்வையுள்ளவர்கள் ஒலியின் அலைவடிவத்தைக் கண்ணால் பார்த்து வெட்டுகிறார்கள். வெட்டியது சரியா என்று அவர்களும் காதால்தான் பார்க்க வேண்டும். நாம் நேரே காதிலிருந்து தொடங்குகிறோம், அவ்வளவுதான்.

சிக்கல் ஒன்றுதான். நம் காதுக்கு இரண்டு வேலை. பதிவாகும் குரலையும் கேட்க வேண்டும், கணினி என்ன சொல்கிறது என்றும் கேட்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றோடு ஒன்று கலக்காமல் பிரித்துவைக்கத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும். கீழே உள்ள பதில்களில் பாதி இதைச் சுற்றியே இருக்கும்.

எந்தத் திரைவாசிப்பான் நல்லது?

கையில் இருப்பது எதுவோ அதிலேயே தொடங்குங்கள். என்விடிஏ இலவசம். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கியது, பின்னால் ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். ஜாஸ் காசு கொடுத்து வாங்க வேண்டியது, அதிலும் வேலை நடக்கும். மேக் வைத்திருந்தால் வாய்ஸ்ஓவர் கணினியோடேயே வருகிறது, ஆப்பிளின் பதிவு மென்பொருள்களான கராஜ்பேண்டும் லாஜிக்கும் அதோடு நன்றாக ஒத்துப்போகின்றன.

தமிழ்க் குரல் வேண்டுமென்றால் என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் மென்பொருளில் தமிழ் உண்டு. விண்டோஸில் தமிழ் மொழியைச் சேர்த்தால் ‘வள்ளுவர்’ என்ற குரலும் கிடைக்கும். பதிவு மென்பொருள்களின் மெனு ஆங்கிலத்தில் இருப்பதால் வேலை செய்யும்போது ஆங்கிலக் குரலையும், எழுதிவைத்த உரையைக் கேட்கும்போது தமிழ்க் குரலையும் வைத்துக்கொள்கிறேன்.

ஆடாசிட்டியா, ரீப்பரா?

இரண்டுமே பதிவு மென்பொருள்கள். பேச்சு மட்டும், ஒன்று அல்லது இரண்டு குரல் என்றால் ஆடாசிட்டி போதும். இலவசம், கற்றுக்கொள்ள ஒரு வாரம். ‘ஆர்’ அடித்தால் பதிவு, ஸ்பேஸ் பார் அடித்தால் நிற்கும். ஷிஃப்டோடு ‘ஆர்’ அடித்தால் புதிய டிராக்கில், அதாவது தனித் தடத்தில், பதிவாகும்.

பாட்டு, பல கருவிகள், மிடி கீபோர்டு (ஒலிக்குப் பதில் எந்த ஸ்வரம் அடித்தோம் என்ற தகவலைக் கணினிக்கு அனுப்புவது) என்று போனால் ரீப்பருக்கு வந்துவிடுங்கள். 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், அப்புறம் தனிநபர் உரிமம் 60 டாலர். ரீப்பரைத் தனியாக நிறுவினால் திரைவாசிப்பான் பாதி இடங்களில் பேசாது. அதோடு ஒசாரா என்ற இலவச இணைப்பையும் நிறுவ வேண்டும். மேலே சொன்ன ஜேம்ஸ் டே தொடங்கிவைத்ததுதான் அதுவும். நிறுவும்போது “விசைத் தொகுப்பை மாற்றட்டுமா” என்று கேட்கும், ஆம் என்று சொல்லிவிடுங்கள். அதன்பிறகு மேல் கீழ் அம்புக்குறியில் ஒவ்வொரு டிராக்காக நகர்ந்தால் பெயரையும் நிலையையும் சொல்லிக்கொண்டே வரும். கன்ட்ரோலும் ‘டி’யும் (T) அடித்தால் புதிய டிராக். எஃப்7 அதைப் பதிவுக்குத் தயாராக்கும். கன்ட்ரோலும் ‘ஆரும்’ அடித்தால் பதிவு ஓடும். எந்த விசை என்ன செய்யும் என்று தெரியாதபோது எஃப்12 அடித்துவிட்டு எந்த விசையைத் தொட்டாலும் அதன் வேலையைச் சொல்லும், செய்யாது. முதல் மாதம் இந்த எஃப்12தான் எனக்கு வாத்தியார்.

மிடியில் இசையமைப்பவர்களுக்கு ஒசாரா இன்னும் பெரிய உதவி. இடது வலது அம்புக்குறியில் நகர நகர ஸ்வரத்தின் பெயரைச் சொல்லி வாசித்தும் காட்டும்.

திரைவாசிப்பானின் குரல் பதிவுக்குள் விழாமல் தடுப்பது எப்படி?

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். குரல் மூன்று வழியில் உள்ளே வரும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

முதல் வழி காற்று. ஸ்பீக்கரில் பேசவிட்டால் மைக் அதைப் பிடிக்காமல் இருக்காது. ஹெட்ஃபோன் கட்டாயம். காதை முழுதாக மூடும் வகையாக இருக்கட்டும். திறந்த வகையில் ஒலி வெளியே கசியும், மெதுவாகப் பாடும் இடங்களில் அந்தக் கசிவு தெளிவாகக் கேட்கும்.

இரண்டாவது வழி கணினிக்குள்ளேயே இருக்கிறது, இதுதான் ஆளைக் கவிழ்ப்பது. பதிவுச் சாதனத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் மைக்கின் பெயரோடு ‘லூப்பேக்’ என்று முடியும் ஒரு பெயரும் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் கணினி வெளியே அனுப்பும் எல்லா ஒலியும் பதிவாகும், மைக் பதிவாகாது.

எனக்கு இது நடந்திருக்கிறது. அப்பத்தா ஊரிலிருந்து வந்திருந்தபோது அவர் பாடும் தாலாட்டைப் பதிவு செய்ய உட்கார்ந்தேன். கட்டிலில் உட்கார்ந்து, என் தம்பி மகளை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே நாற்பது நிமிடம் பாடினார். மாமன் சீர் கொண்டுவருவதிலிருந்து அத்தை அடித்தது வரைக்கும் எல்லாம் வந்தது. அவர் எழுந்துபோன பிறகு கேட்டுப் பார்த்தேன். நாற்பது நிமிடமும் வெறும் அமைதி, நடுநடுவே என் திரைவாசிப்பான் நேரம் சொல்லும் குரல் மட்டும். மறுமாதம் திரும்பப் பாடினார். இரண்டு கண்ணிகளை அவரால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. அவை இன்றுவரை என்னிடம் இல்லை.

அன்றிலிருந்து யார் பாட வந்தாலும் முதலில் பத்து வினாடி பதிவு செய்கிறேன். மைக்கின் வலைத்தகட்டை நகத்தால் ஒருமுறை சுரண்டுவேன், அப்புறம் போட்டுக் கேட்பேன். அந்தச் சுரண்டல் காதுக்குப் பக்கத்தில் சத்தமாகக் கேட்டால் சரியான மைக். தூரத்தில் மங்கலாகக் கேட்டால் லேப்டாப்பின் சொந்த மைக்கில் பதிவாகிக்கொண்டிருக்கிறது. ஆடாசிட்டியில் ஷிஃப்டோடு ‘ஐ’ அடித்தால் பதிவுச் சாதனப் பட்டியல் நேரே வரும், அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவது வழி, பதிவு ஓடும்போது நாமே அடிக்கும் விசைக்குத் திரைவாசிப்பான் சொல்லும் பதில். பதிவில் விழாவிட்டாலும் பாடுகிறவரின் காதில் விழுந்து தாளத்தைக் கெடுக்கும். என்விடிஏ விசையும் (வழக்கமாக இன்செர்ட்) ‘எஸ்’ஸும் சேர்த்து அடித்தால் பேச்சு நிலை மாறிக்கொண்டே வரும். 2024.1 பதிப்பிலிருந்து அதில் ‘கேட்டால் மட்டும் பேசு’ என்ற நிலையும் உண்டு. பதிவு நேரத்துக்கு அதுதான் பொருத்தம். தானாக வாய் திறக்காது, நீங்கள் ஒன்றைப் படிக்கச் சொன்னால் மட்டும் படிக்கும்.

இன்னும் சுத்தமாக வேண்டுமென்றால் இரண்டு ஒலிப் பாதை வையுங்கள். பதிவு மென்பொருள் வெளியிலிருக்கும் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஹெட்ஃபோனையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) வழியாகவும், திரைவாசிப்பான் லேப்டாப்பின் சொந்த ஒலி வழியாகவும் போகட்டும். என்விடிஏ விசை, கன்ட்ரோல், ‘யு’ மூன்றையும் அடித்தால் ஒலி அமைப்பு திறக்கும், அங்கே சாதனத்தை மாற்றலாம். நான் லேப்டாப்பில் செருகிய சின்ன இயர்ஃபோனை இடது காதில் மட்டும் வைத்து, அதன்மேல் இன்டர்ஃபேஸின் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொள்கிறேன். முதல் இரண்டு நாள் காது வலிக்கும், அப்புறம் பழகிவிடும். ஒரே ஹெட்ஃபோன்தான் இருக்கிறது என்றால், 2024.2 பதிப்பிலிருந்து என்விடிஏவின் குரலை ஒரு காதிலும் மற்ற எல்லா ஒலியையும் மறு காதிலும் கேட்க வசதி உண்டு. என்விடிஏ விசை, ஆல்ட், ‘எஸ்’. கலவை செய்யும்போது மட்டும் அதை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் இடம் வலம் தெரியாது.

பாட்டைப் போட்டால் நடுநடுவே சத்தம் குறைந்து கூடுகிறது. பதிவு கெட்டுவிட்டதா?

இல்லை. திரைவாசிப்பான் பேசும்போது மற்ற ஒலிகளைத் தாழ்த்தும் அமைப்பு இயங்குகிறது. என்விடிஏ விசை, ஷிஃப்ட், ‘டி’ (D) அடித்து நிறுத்துங்கள்.

ரீப்பரைத் திறந்ததும் திரைவாசிப்பான் ஊமையாகிவிடுகிறது. ஏன்?

பதிவு மென்பொருளை ஒலிச் சாதனத்தோடு நேரே இணைப்பவை ஏசியோ டிரைவர்கள். அவற்றில் சில அந்தச் சாதனத்தை மொத்தமாகத் தங்கள் வசம் எடுத்துக்கொள்ளும். குறிப்பாக ஏசியோ4ஆல் போன்ற பொது டிரைவர்கள். திரைவாசிப்பானும் அதே சாதனத்தில் இருந்தால் அதற்கு வழியில்லாமல் போய்விடும். பதற்றப்படாதீர்கள். ஆல்டும் எஃப்4-உம் அடித்து ரீப்பரை மூடுங்கள், பேச்சு திரும்பிவிடும். திரும்பாவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், ‘என்’ அடித்து என்விடிஏவை மீண்டும் கிளப்புங்கள். நிரந்தரத் தீர்வு மேலே சொன்ன இரண்டு பாதைதான். இன்டர்ஃபேஸ் வாங்கினால் அந்தத் தயாரிப்பாளரின் சொந்த டிரைவரையே போடுங்கள்.

மைக், இன்டர்ஃபேஸ் வாங்கும்போது நாம் எதைக் கவனிக்க வேண்டும்?

கையால் திருகும் குமிழ் இருக்க வேண்டும். குரல் அளவு, ஹெட்ஃபோன் அளவு, நேரடியாகத் தன் குரலைக் கேட்கும் பொத்தான் மூன்றும் பெட்டியின் மேலேயே இருந்தால் நல்லது. தொடுதிரையில் மட்டும் மாற்ற முடிகிற கருவியையும், அதற்கென்று தனி மென்பொருளில் மட்டும் மாற்ற முடிகிற கருவியையும் கடையிலேயே சோதித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். மென்பொருள் பேசாவிட்டால் அந்தப் பெட்டி நமக்கு உதவாது.

நம் ஊர் வீட்டில் டைனமிக் மைக் நல்ல தேர்வு. வாயருகே இருப்பதை மட்டும் பிடிக்கும், தெருவில் போகும் வண்டியை அவ்வளவாகப் பிடிக்காது. சாம்சன் க்யூ2யூ மாதிரி சில மைக்குகளில் யூஎஸ்பியும், இன்டர்ஃபேஸில் செருகும் எக்ஸ்எல்ஆர் இணைப்பும் இரண்டுமே இருக்கும். இன்று யூஎஸ்பியில் நேரே செருகலாம், நாளை இன்டர்ஃபேஸ் வாங்கினாலும் அதே மைக் போதும்.

வெளியே போய்ப் பதிவு செய்பவர்களுக்கு ஜூம் நிறுவனத்தின் எச்1 எசென்ஷியல், எச்4 எசென்ஷியல், எச்6 எசென்ஷியல் ரெக்கார்டர்கள் உண்டு. மெனுவை அவையே வாய்விட்டுச் சொல்லும். 32 பிட் ஃப்ளோட்டில் பதிவு செய்வதால் அளவை முன்கூட்டி வைக்க வேண்டியதில்லை, கத்தினாலும் கிசுகிசுத்தாலும் பின்னால் சரிசெய்துகொள்ளலாம். பார்வையற்றவர்களை மனதில் வைத்துச் செய்த கருவி கடையில் கிடைப்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

புளூடூத் ஹெட்ஃபோன் வேண்டவே வேண்டாம். ஒலி தாமதமாக வரும், அதன் மைக்கைத் தொட்டவுடன் தரமும் தொலைபேசி அளவுக்கு இறங்கிவிடும்.

மீட்டரைப் பார்க்க முடியாதே, குரல் அளவு சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ரீப்பரில் ஒசாராவின் பீக் வாட்சர் இருக்கிறது. ஆல்டும் ‘டபிள்யூ’வும் அடித்துத் திறந்தால் உச்ச அளவை எண்ணாகப் படிக்கும். நீங்கள் வைத்த எல்லையைத் தாண்டினால் தானாகவும் சொல்லும்.

ஆடாசிட்டியில் நான் செய்வது இது. உள்ளதிலேயே சத்தமாகப் பேசும் இடத்தை அரை நிமிடம் பதிவு செய்கிறேன். கன்ட்ரோலும் ‘ஏ’வும் அடித்து முழுதையும் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் ஆம்ப்ளிஃபை திறக்கிறேன். அது முதலில் ஓர் எண்ணைக் காட்டும். உச்சத்தைத் தொட இன்னும் எத்தனை டெசிபல் ஏற்றலாம் என்பதே அந்த எண். 9 என்று சொன்னால் நம் உச்சம் மைனஸ் 9-இல் இருக்கிறது, நல்லது. 6-க்கும் 12-க்கும் இடையில் இருந்தால் போதும். 0 என்று வந்தால் குரல் வெடித்திருக்கிறது, குமிழைக் குறைத்துத் திரும்பப் பேசுங்கள். எண்ணைக் கேட்டதும் எஸ்கேப் அடித்து வெளியே வந்துவிடலாம்.

பிசிறுகளை எப்படி வெட்டுவது?

பேச்சை ஓடவிடுங்கள். பிசிறு தொடங்கும் இடத்தில் இடது சதுர அடைப்புக்குறியை அடியுங்கள், முடியும் இடத்தில் வலது அடைப்புக்குறியை. ஆடாசிட்டியில் இடைப்பட்ட பகுதி தேர்வாகிவிடும். உடனே டெலிட் அடிக்காதீர்கள். முதலில் ‘சி’ அடியுங்கள். அந்தப் பகுதியை விட்டுவிட்டு முன்னும் பின்னும் சேர்த்து வாசித்துக் காட்டும், வெட்டினால் எப்படி இருக்கும் என்று வெட்டாமலே கேட்கலாம். ஒரு சொல்லின் வால் அறுபட்டால் ஷிஃப்டும் அம்புக்குறியும் வைத்து எல்லையை நகர்த்தித் திரும்ப ‘சி’. திருப்தியானதும் ‘இசட்’ ஒருமுறை அடித்தால் வெட்டும் இடம் அலையின் பூஜ்யப் புள்ளிக்கு நகரும், ‘டப்’ என்ற சத்தம் வராது. அப்புறம் டெலிட்.

தமிழில் ஒரு விஷயம் கவனித்திருக்கிறேன். “வந்து”, “அதாவது” என்று சிலர் நிரப்பிக்கொண்டே பேசுவார்கள். அதை எல்லா இடத்திலும் வெட்டினால் பேசுகிறவருக்கு மூச்சே இல்லாத மாதிரி ஆகிவிடும். வெட்டிய பிறகு ஒரு நிமிடம் பின்னால் போய்த் தொடர்ந்து கேளுங்கள். மூச்சு இரண்டு முறை வருகிறதா, பாதி மூச்சில் நிற்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

இன்னொரு பழக்கம்: பேசும்போதே தவறிவிட்டால் நிறுத்தாமல் இரண்டு முறை கை தட்டிவிட்டு, வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். பின்னால் வேகமாக ஓட்டிப் பார்க்கும்போது தட்டல் காதில் விழும்.

எழுதிவைத்ததைப் படித்துப் பேச என்ன வழி?

பிரெய்ல் படிப்பவர்களுக்குக் கவலையில்லை. பிரெய்ல் டிஸ்ப்ளே இருந்தால் பேச்சை முழுதாக நிறுத்திவிட்டு விரலால் படிக்கலாம். காகிதப் பிரெய்ல் என்றால் அடியில் மடித்த துண்டை விரித்துக்கொள்ளுங்கள். விரல் உரசும் சத்தம் மேஜை வழியாக மைக்கின் காலில் ஏறி, சருகு நொறுங்குவது போலப் பதிவாகும். பக்கத்தைத் திருப்பும்போது பேசாதீர்கள், அந்த இடைவெளியைப் பின்னால் வெட்டிவிடலாம்.

பிரெய்ல் இல்லாவிட்டால், ஒரு வாக்கியத்தைக் காதில் கேட்டு, நிறுத்தி, உங்கள் குரலில் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டே கூடவே சொல்லும் திறமை சிலருக்கு உண்டு. ஆனால் அப்படிச் சொல்லும்போது இயந்திரத்தின் ஏற்ற இறக்கம் நம் குரலிலும் ஒட்டிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். கதையோ கவிதையோ வாசிப்பதாக இருந்தால் அந்த வழி வேண்டாம்.

பாடும்போது விசைப்பலகைச் சத்தமும் விழுகிறதே?

கம்பியில்லா எண் பலகை ஒன்று வாங்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே துணி இருந்தால் சத்தம் குறையும். பதிவு தொடங்கிய பிறகு நான்கைந்து வினாடி சும்மா இருந்துவிட்டுப் பாடுங்கள். வீணையோ கீபோர்டோ வாசிப்பவர்கள் ரீப்பரின் மெட்ரோனோமில் முன்எண்ணிக்கையைப் போட்டுக்கொண்டால் விசையை அடித்துவிட்டுக் கையை வாத்தியத்துக்குக் கொண்டுவர நேரம் கிடைக்கும்.

சுருதியைத் தம்பூராச் செயலியில் வைத்து அறையில் ஒலிக்கவிடாதீர்கள். முதல் டிராக்கில் சுருதியை மட்டும் பதிவு செய்து, அதை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு இரண்டாவது டிராக்கில் பாடுங்கள். அப்போதுதான் ஒரு வரியைத் திரும்பப் பாடினாலும் சுருதி அறுந்து தெரியாது. உங்கள் குரலே தாமதமாகக் காதில் விழுந்தால் இன்டர்ஃபேஸின் நேரடிக் கேட்புப் பொத்தானை அழுத்துங்கள். அல்லது பஃபரை (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்து அனுப்பும் ஒலித் துணுக்குகளின் எண்ணிக்கை) 128-க்குக் குறையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அந்த ஒரு பஃபரின் நீளம் மூன்று மில்லிவினாடிக்கும் குறைவு.

பதிவில் ‘உம்ம்’ என்று ஓர் இரைச்சல் கேட்கிறது.

அது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். போய்விட்டால் எர்த் சரியில்லை, பேட்டரியிலேயே பதிவு செய்யுங்கள். சர்ரென்று காற்றுச் சத்தம் என்றால் ஃபேன், நிறுத்துங்கள். மென்பொருளில் குறைக்கலாம்தான், ஆனால் குரலும் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும். பீரோவைத் திறந்துவைத்து, துணிகளைப் பார்த்தபடி உட்கார்ந்து பேசினால் எதிரொலி பாதி அடங்கும். நான் பதிவு செய்வது விடியற்காலை நாலரைக்கு. ஐந்தரைக்கு மேல் காக்காயும் பால் வண்டியும் வந்துவிடும்.

ஈக்யூ, கம்ப்ரசர் பிளகின்கள் எல்லாம் வெறும் படமாக இருக்கின்றன. திரைவாசிப்பான் எதுவும் சொல்வதில்லை.

ஈக்யூ குரலின் கனத்தையும் கூர்மையையும் மாற்றும், கம்ப்ரசர் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும். இவை போன்ற துணை மென்பொருள்களே பிளகின்கள். ரீப்பரில் ஒசாரா அந்தப் படத்தைச் சுற்றிக்கொண்டு போகும். பிளகினின் அளவுகளை ஒரு பட்டியலாகக் கொடுக்கும், ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கலாம். எல்லாப் பிளகினும் தன் அளவுகளை வெளியே காட்டுவதில்லை, அதனால் சோதனைப் பதிப்பைப் போட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ரீப்பரோடு வரும் ரியாஈக்யூவும் ரியாகாம்ப்பும் பேச்சுக்குத் தாராளமாகப் போதும்.

கடைசிக் கோப்பை எந்த அளவில் எடுப்பது?

மூலத்தைச் சுருக்காத டபிள்யூஏவி கோப்பாக வைத்திருங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், மோனோவில் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 520 எம்பி வரும். வெளியிட எம்பி3 போதும். 128 கேபிபிஎஸ் என்றால் மணிக்கு 58 எம்பிக்குள். கோப்பை எடுக்க ஆடாசிட்டியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ‘இ’. ரீப்பரில் கன்ட்ரோல், ஆல்ட், ‘ஆர்’. ஆடாசிட்டியில் வெறும் சேமிப்பு மட்டும் செய்தால் கிடைப்பது திட்டக் கோப்பு, ஆடாசிட்டி இல்லாதவர்களால் அதைக் கேட்க முடியாது.

எடுப்பதற்கு முன் ஆடாசிட்டியின் எஃபெக்ட் மெனுவில் லவுட்னெஸ் நார்மலைசேஷனைத் திறந்து மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சத்தத்தின் அளவு) என்று வையுங்கள். ஆப்பிள் பாட்காஸ்ட்டுக்குச் சொல்லும் அளவு அது. அங்கே முதலில் மைனஸ் 23 என்று இருக்கும், மாற்ற மறக்காதீர்கள். பிறகு அந்தக் கோப்பைப் போனுக்கு அனுப்பி, ஹெட்ஃபோன் இல்லாமல் போன் ஸ்பீக்கரிலேயே ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். கேட்கும்போது திரைவாசிப்பான் வேறு அறையில் இருக்கட்டும்.